ஆயுத பூசையன்று காணாமல் போன புளூடூத்

— இல்லைங்க. மறுபடியும் அதேதான் சொல்லுது. புளூடூத் கன்ட்ரோலரே இல்லையாம்.

— எப்படி லா இல்லாமப் போகும், பிரமி? நேத்து ராத்திரி நான் வேலைக்குக் கெளம்பும்போது அதுலதானே நீ பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்த?

— அதான் எனக்கும் புரியல. நேத்து இருந்துச்சு. காலையில எழுந்து பாத்தா, புளூடூத்துன்னு ஒரு சாமானையே கண்டதில்லங்கிற மாதிரி பேசுது.

— கம்ப்யூட்டருக்கும் கொழுப்பு. அடைச்சுத் திறந்து பாத்தியா?

— மூணு தடவ அடைச்சுத் திறந்தாச்சு. நீங்க போய்ப் படுங்களேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு, நான் எழுந்திருக்கும் முன்னேயே வந்த மனுசன், கண்ணு செவந்து கெடக்கு.

— நான் எங்க லா தூங்குறது? வெளிய பக்கிரிசாமி அண்ணன் அவரு லோரிக்கு மாலையப் போட்டு, எலுமிச்சங்காய டயருக்கு அடியில வச்சு, தேங்காய ஒடைச்சு, ஒரே கூத்து. எண்ணெய் ஊத்தினா லோரி ஓடப் போகுது. பொட்டு வச்சா ஓடுமா? கேட்டா ஆயுத பூசையாம்.

— நீங்க வருசா வருசம் இதையேதான் சொல்றீங்க. அவரும் வருசா வருசம் வச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.

— சொல்லாம? நான் யாரு மகன்? எங்கப்பா கறுப்புச் சட்ட போட்ட மனுசன். டத்தோ கிராமாட்ல இந்த வரிசையில சாமி படம் மாட்டாத ஒரே வீடு நம்ம வீடுதான். நீ வந்து அம்மாவோட சேந்து மாட்டுறவரைக்கும்.

— அந்த மனுசன் செத்து இன்னும் வருசம் திரும்பல. அதனாலதான் இந்த வருசம் நம்ம வீட்டுல பூசை இல்ல. தெரியுமில்ல?

— அதத்தான் என்னால தாங்க முடியல! சாமியே இல்லன்னு சொன்ன ஆளுக்காக ஒரு வருசம் சாமி கும்பிடக் கூடாதாம். அப்பா கேட்டா எழுந்து வந்து சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். வழக்கமா இந்த நாள்ல கம்ப்யூட்டர், சால்ட்ரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர் எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வைப்பேன். இந்த வருசம் வைக்கல. மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அதுலயும் இன்னைக்கே இன்டர்வியூ.

— பாத்தியா, பாத்தியா. பொட்டு வைக்காததனாலதான் புளூடூத் வரலன்னு சொல்லப் போற.

— நான் அப்படிச் சொல்லல. நேத்து ராத்திரி நான்தான் அப்டேட் பண்ணினேன். கெர்னல் புதுசா எறங்குச்சு. கெர்னல்னா இதோட எஞ்சின் மாதிரி. புது எஞ்சினுக்கு அந்தப் புளூடூத்த அடையாளம் தெரியல போல.

— இன்டர்வியூவுக்கு மொத நாள் யாராச்சும் எஞ்சின மாத்துவாங்களா லா?

— வையுங்க, நல்லா வையுங்க. எனக்கே என் மேல கோவமா வருது.

— சரி சரி, மூஞ்சியத் தூக்காத. எத்தன மணிக்கு அவங்க வீடியோவுல வர்றாங்க?

— மூணு மணிக்கு. இப்ப ரெண்டே கால்.

— அப்ப போன்ல பேசிடு. உன் காது மெசினு போனோட சேரும்ல?

— போன அந்த ரூம்லயே வைக்கக் கூடாதுன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. போனப் பாத்துப் பதில் சொல்லிடுவோம்னு பயம். படம், சத்தம் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் வழியாத்தான் போகணும்.

— ஸ்பீக்கர்ல கேளு.

— என்னங்க, புதுசா கல்யாணம் ஆன மாதிரி கேக்குறீங்க? உங்க குரல் எனக்குப் பழக்கம், வாயப் பாத்துக்கிட்டே கேப்பேன். ஸ்பீக்கர்ல வர்ற இங்கிலீஷ்ல பாதிச் சொல்லு எனக்கு விழாது. புளூடூத் வழியா நேரா காது மெசினுக்கு வந்தாத்தான் ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழும்.

— மேல பெரிய ஹெட்போன மாட்டினா?

— காது மெசினு கூன்னு கத்தும். அவங்களுக்கும் கேக்கும்.

— அப்ப நாளைக்கு வச்சுக்கச் சொல்லு. மனுசனுக்கு ஒரு சுசா, ஒரு கஷ்டம் வராதா? சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.

— என்னன்னு சொல்றது? லினக்ஸ் ரிப்பேர் பண்ற வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. அவங்ககிட்டப் போய், சார், என் லினக்ஸே ரிப்பேர், நாளைக்கு வாங்கன்னு சொல்லவா? அதுக்கு நான் இன்டர்வியூவுக்குப் போகாமலே இருக்கலாம்.

— அதுவும் சரிதான்.

— ஏற்கெனவே மூணு எடத்துல பாத்தாச்சு. காது மெசினுன்னு சொன்ன ஒடனே, நாங்க அப்புறம் கூப்பிடுறோம்னாங்க. அதுல ஒருத்தன் கேட்டது எனக்கு விழல, இன்னொரு தடவ சொல்லுங்கன்னேன். அவன் மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. இந்தத் தடவ அவங்க கேக்குற ஒரு சொல்லக்கூட நான் விடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். வேலை குடுக்குறாங்க, குடுக்கல, அது அப்புறம்.

— முடிய எறக்கி விட்டுக்கோ பிரமி. காது தெரியாது.

— ஏன் தெரியக் கூடாது? தூக்கித்தான் முடிஞ்சிருக்கேன். தெரியட்டும்.

— அதான் எம்பொண்டாட்டி! இதத்தான் நான் துறைமுகக் கேன்டீன்ல நல்லமுத்துகிட்டயும் நூர் முகம்மதுகிட்டயும் சொன்னேன்.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல லா.

— என்னங்க.

— உனக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு சொல்லிட்டேன்.

— ஐயோ! இன்டர்வியூவே இன்னும் நடக்கலையே!

— நடக்கத்தானே போகுது. நூர் முகம்மது, லினக்ஸ்னா என்னாண்ணேன்னு கேட்டான். கிரேன்ல மேல உக்காந்து ஓட்டுறோம்ல, அந்த மாதிரி கம்ப்யூட்டருக்கு மேல உக்காந்து ஓட்டுறதுன்னு சொல்லிட்டேன். சரியா?

— தப்பு. அது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற ஒரு சிஸ்டம். ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு.

— இன்னைக்கு சாயந்திரம் ஷிப்ட் மாறும்போது, துறைமுகத்துல பாதிப் பேரு எங்கிட்ட ட்ரீட் கேப்பான். பாத்துக்கோ.

— இருக்குற பயம் பத்தாதுன்னு இது வேற. கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க. நான் ஒவ்வொண்ணாப் பாக்குறேன்.

— நான் பேசல. நீ பாரு.

— மொதல்ல புளூடூத் சர்வீஸ். ம், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அது மேல தப்பில்ல.

— தப்பில்ல.

— புளூடூத் ரேடியோவ எதாச்சும் பூட்டி வச்சிருக்கான்னு பாக்குறேன். பூட்டுன லிஸ்ட்டுலயும் இல்ல, திறந்த லிஸ்ட்டுலயும் இல்ல. பேரே இல்ல.

— பேரே இல்லையா? அது நல்லதா கெட்டதா?

— வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னேன். இப்பப் பழைய கெர்னலுக்கே திரும்பப் போறேன். லினக்ஸ்ல பழச தூக்கிப் போடாம வச்சிருக்கும். அடைச்சுத் திறக்கும்போது எது வேணும்னு நாமளே எடுத்துக்கலாம். இது வந்துச்சுன்னா அப்டேட்தான் குத்தவாளி.

— விண்டோஸ்ல இது உண்டா?

— நீங்க யாருகிட்ட பெருமையடிக்கக் கேக்குறீங்க?

— நூர் முகம்மதுகிட்ட.

— ம்... ஏறிடுச்சு. பழைய கெர்னல்தான் ஓடுது. இப்ப... இல்ல. அதே பதில்தான். கன்ட்ரோலர் இல்லையாம்.

— அப்ப அப்டேட் குத்தவாளி இல்ல?

— இல்ல. பாருங்க, காலையிலேருந்து என்னையே நான் திட்டிக்கிட்டு இருந்தேன். நான் பண்ணினது சரியாத்தான் இருக்கு.

— எனக்குத் தெரியும் லா. நீ தப்புப் பண்ணமாட்ட.

— இப்பத்தானே, மொத நாள் எஞ்சின மாத்துவாங்களான்னீங்க?

— அது வேற வாய். கிரேன் திடீர்னு நின்னுச்சுன்னா நாங்க மொதல்ல சாப்ட்வேரப் பாக்கமாட்டோம், பிரமி. பிளக்கத்தான் பாப்போம். அதச் சொல்லலாம்னு பாத்தா, நீ வாய மூடச் சொல்லிட்ட.

— பிளக் தானா லூசாகாது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் யாராச்சும் தொட்டாத்தான் உண்டு. நீங்க தொட்டீங்களா?

— நானா? நான் எதுக்கு லா உன் சாமானத் தொடுறேன்?

— அதான். சரி, யூஎஸ்பியில என்னென்ன சொருகியிருக்குன்னு கேட்டுப் பாக்குறேன். கீபோர்டு இருக்கு. மவுஸ் இருக்கு. கேமரா இருக்கு. அந்தப் புளூடூத் துண்டு... அது இல்ல.

— எந்தத் துண்டு?

— பின்னாடி சொருகியிருக்குமே, வெரல் நகத்தளவு இருக்கும். அதுதான் புளூடூத்து. மெசினுக்கே அது சொருகியிருக்குறது தெரியல. அப்ப இது லினக்ஸ் கோளாறே இல்லங்க! நீங்க சொன்ன பிளக்குதான்.

— அந்தச் சின்னதா?

— ஏன், அதுல என்ன?

— இல்ல லா, சும்மா கேட்டேன். அவ்வளவு சின்னது பழுதாகுமான்னு.

— சின்னதுதான் மொதல்ல பழுதாகும். மேசைக்கு அடியில பூந்து அத உருவி எடுங்களேன். நான் இந்தச் சேலையோட குனிஞ்சா கசங்கிடும்.

— நானே பாக்குறேன், நீ நவுரு. நீ வராத. தூசி.

— டார்ச் வேணுமா?

— வேணாம் வேணாம்.

— கெடைச்சுதா? என்னங்க? கீழயிருந்து பேசினா எனக்குக் கேக்காதுங்க. வாய் தெரியல. சத்தமாச் சொல்லுங்க.

— தூசின்னு சொன்னேன்! கொஞ்சம் தூசி இருந்துச்சு! தொடச்சு மறுபடி சொருகிட்டேன்! பாரு!

— எதுல தொடச்சீங்க?

— சட்டையில!

— இப்பவும் வரல. எடுத்துக்கிட்டு மேல வாங்க, நான் பாக்குறேன்.

— இன்னொரு தடவ தொடச்சுப் பாக்குறேன் லா!

— நேரம் போகுதுங்க. கையில குடுங்க.

— இந்தா.

— இது தூசி இல்லையே.

— அப்படியா?

— என்னங்க இது, வாயெல்லாம் அடைச்சுக்கிட்டு... சந்தனம்! காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அடியில செவப்பா குங்குமம். இந்த வெள்ளிக் கம்பி நாலும் சொருகுற எடத்துல பட்டாத்தான் கரண்டு போகும். அது மேல அப்பி வச்சா எப்படித் தெரியும்?

— அட. சந்தனமா?

— யாரு வச்சது இத?

— வேற யாரு, அம்மாவாத்தான் இருக்கும். பூசை இல்லன்னு சொல்லிட்டு, மனசு கேக்காம ராத்திரியில வந்து வச்சிருப்பாங்க. இதுக்குத்தான் நான் தலையால அடிச்சுக்குறேன், மூடநம்பிக்கை, மூடநம்பிக்கைன்னு! கரண்டு போற எடத்துல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? அறிவு வேணாம்?

— அத்தையா?

— ஆமா. பக்கத்து ரூம்லதானே தூங்குறாங்க. எழுப்பிக் கேக்கவா?

— வேணாம். எழுப்பாதீங்க.

— இல்ல லா, இதச் சும்மா விடக் கூடாது. உன் வேலையே போயிருக்கும்.

— எழுப்பாதீங்கன்னு சொல்றேன்ல. யாரு வச்சிருந்தாலும் நல்ல மனசுலதான் வச்சிருக்காங்க. அதுக்காக அவங்களத் திட்ட நான் விடமாட்டேன். அந்த ஆல்கஹால் போத்தலும் பழைய பல்லு வெளக்குற பிரஷும் எடுத்துக்கிட்டு வாங்க. சீக்கிரம்.

— இந்தா. மெதுவா. ஒடைச்சிடாத.

— ஃபேக்டரியில வேல பாத்தப்ப எத்தன சர்க்யூட் போர்டு கழுவியிருப்பேன், எனக்கு இத ஒடைக்காமக் கழுவத் தெரியாதா?

— அந்தக் கையத்தான் வேலைய விட்டு அனுப்பிட்டு, லைனத் தூக்கிக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டானுங்க. வயிறு எரியுது எனக்கு.

— எரிய வேணாம். அன்னைக்கு அனுப்பாம இருந்திருந்தா நான் இந்த லினக்ஸக் கத்துக்கிட்டே இருக்கமாட்டேன். ஊதுங்க. காயணும்.

— ஃபூ... போதுமா?

— இன்னும். எச்சில் படாம ஊதுங்க. ம், போதும். பழைய ஓட்டையிலயும் பூசியிருக்கும், அத அப்புறம் கழுவலாம். இப்ப முன்பக்கம் சொருகுறேன்.

— என்ன ஆச்சு?

— இருங்க.

— பிரமி, மூணு மணிக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு.

— வந்துடுச்சு! பேர் வந்துடுச்சுங்க! பாருங்க, கன்ட்ரோலர் இருக்காம்! காது மெசினையும் கண்டுபிடிச்சுடுச்சு. சேந்துடுச்சு... மணிச் சத்தம் கேக்குது. ரெண்டு காதுலயும் கேக்குது!

— எம்பொண்டாட்டியா கொக்கா! ஒரு கடைக்கும் தூக்கிக்கிட்டுப் போகல, ஒருத்தன்கிட்டயும் கேக்கல. நீயே உக்காந்து, ஒவ்வொண்ணா, இது இல்ல, இது இல்லன்னு தள்ளிக்கிட்டே வந்து புடிச்ச பாரு. நான் நேர்லயே பாத்துட்டேன். இனிமே அவங்க வேலை குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? நீ எஞ்சினியர்தான்.

— அழுதுறாதீங்க. எனக்கும் வரும், மை கலைஞ்சிடும்.

— யாரு அழுறா? தூசி லா.

— இன்னைக்கு உங்களுக்கு எல்லாமே தூசிதான்.

— நான் குசினியில இருக்கேன். நீ பேசு.

— எங்கயும் போக வேணாம். அந்த நாக்காலியில உக்காருங்க, கேமராவுல விழாது. வாய மட்டும் திறக்கக் கூடாது. போன எடுத்துக்கிட்டுப் போய் அந்த ரூம்ல வச்சுட்டு வாங்க.

— வச்சாச்சு.

— ஷ்ஷ். கூப்பிடுறாங்க... ஹலோ. குட் ஆப்டர்நூன். யெஸ், ஐ கேன் ஹியர் யூ. வெரி கிளியர்.

— ஓ, தமிழா சார்! ராகவன்னு பேரு பாத்தப்பவே நெனச்சேன். சரிங்க, உங்க மேனேஜர் வர்றவரைக்கும் தமிழ்லயே பேசுவோம். நான் பினாங்குதான் சார், டத்தோ கிராமாட்.

— காதுலயா? இது ஹெட்செட் இல்ல சார், காது மெசினு. சின்ன வயசுலேருந்தே போடுறேன். நீங்க பேசுறது நேரா இதுக்குள்ளதான் வருது, வெளிய கேக்காது. இல்ல சார், மெதுவாப் பேச வேணாம். சும்மா பேசுற மாதிரியே பேசுங்க. ஒரு சொல்லும் விடல.

— கடைசியா நான் ரிப்பேர் பண்ணினது எதுன்னா கேக்குறீங்க? இந்தக் கம்ப்யூட்டரத்தான் சார். இப்பத்தான், நீங்க கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. புளூடூத்தே காணோம்னுச்சு. அப்டேட் மேல சந்தேகப்பட்டேன், அது இல்லன்னு நிரூபிச்சேன். சர்வீஸ் இல்ல, பூட்டு இல்ல. கடைசியில யூஎஸ்பியிலயே தெரியலன்னு புடிச்சேன். உருவிப் பாத்தா சந்தனமும் குங்குமமும். இன்னைக்கு ஆயுத பூசை சார்.

— ஆமா சார், நல்லாச் சிரிங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

— யாரு வச்சதுன்னா? எங்க வீட்டுக்காரரக் கேட்டா, அவங்க அம்மான்னு சொல்றாரு. எங்க அத்த, மாமா போனதுலேருந்து குங்குமத்தக் கையாலயும் தொடுறதில்ல சார். அதுவும் இல்லாம, வழக்கமா வைக்கிறவங்க யாரா இருந்தாலும் மொதல்ல சந்தனம், அதுக்கு மேலதான் குங்குமம். இதுல குங்குமம் அடியில இருக்கு, சந்தனம் மேல இருக்கு. வாழ்க்கையில ஒரு பொட்டு வச்சுப் பழக்கமில்லாத ஆளு வச்சது. இவ்வளவு பெரிய மெசின்ல, என் காதுக்குச் சத்தம் கொண்டு வர்ற சாமான் எதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு, அதுல மட்டும் வச்சிருக்காரு. இல்ல சார், சாமி கும்பிடுற ஆளே கெடையாது. இதோ, இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்காரு.